பாகம் பிரித்த குடில்

எங்கள் வீட்டு ஆண்கள் கிறிஸ்துமஸ் குடிலைக்கூடப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீட்டைப் பிரிப்பார்கள், நிலத்தைப் பிரிப்பார்கள், அண்டா குண்டானைப் பிரிப்பார்கள். மாதாவை அண்ணனுக்கும் குழந்தை இயேசுவைத் தம்பிக்கும் எழுதிக் கொடுத்த குடும்பம் மதுரையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அண்ணன் மரியராஜ் ஆரப்பாளையத்தில் இருந்தார். மில்லில் ஃபிட்டர். தம்பி ஆசீர்வாதம், என் வீட்டுக்காரர். தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் ரெக்கார்டு கிளார்க். நாங்களும் தல்லாகுளத்திலேயே வாடகைக்கு இருந்தோம். என் மாமனார் மிஷன் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அவருக்கு விட்டுப் போனவை அந்தக் குடில் பொம்மைகள், எங்கள் பேச்சில் சுரூபங்கள். மொத்தம் பதின்மூன்று. மாதாவின் நீல முக்காட்டில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். மற்றபடி எல்லாம் முழுசு.

மாமனார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் இறந்தார். கொட்டாம்பட்டிப் பக்கம் மாமியாரை அடக்கம் செய்த இடத்திலேயே அவரையும் வைக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. அடைமழை, இத்தனை தூரம் வேண்டாம், மதுரையிலேயே வைத்துவிடலாம் என்றார் மூத்தவர். அவர் சொன்னபடிதான் நடந்தது. அடக்கம் முடிந்து கல்லறை வாசலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் பத்துப் பேர் காதுபட ஒரு வார்த்தை சொன்னார்.

"பிள்ளை பெத்தவனுக்குத்தான் அப்பன் அருமை தெரியும்."

மூத்தவருக்கு அப்போது கலியாணமாகி எட்டு வருஷம். அவர் மனைவி ஆரோக்கியம் அக்காவுக்கு இரண்டு தடவை நாலாம் மாசத்தில் கலைந்திருந்தது. என் மூத்த பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா அங்கேயேதான் நின்றாள். மூத்தவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட மறந்துவிட்டு மழையில் நடந்து போனார்.

அதற்கப்புறம் பாகப்பிரிவினை. குடில் மட்டும் பிரியக் கூடாது என்பது மாமனார் சாகும்போது கேட்டுக்கொண்டது. இவர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சுரூபங்களைப் பிரித்துக்கொள்வது, குடிலை மட்டும் ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று சேர்ந்து வைப்பது. கோவில் உபதேசியார் உட்கார்ந்து லிஸ்ட் எழுதினார். பதின்மூன்றை எப்படிச் சமமாகப் பிரிப்பது என்று அவர் முழித்தபோது மூத்தவர், "அவனுக்கே ஏழு போடுங்க" என்றார். மாதா, சூசையப்பர், சிறகு வைத்த சம்மனசு, இடையன், மாடு, ஒட்டகம் அங்கே. குழந்தை, மூன்று ராஜாக்கள், கழுதை, இரண்டு ஆடு இங்கே. லிஸ்ட்டின் அடியில் என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல உபதேசியார் இரண்டு நிபந்தனையும் எழுதினார். ஒருவர் பாகத்துச் சுரூபம் மற்றவர் வீட்டில் தங்கலாகாது. ஒப்படைப்பது நேரில், அவரவர் கையால்.

கடையில் ஒரு செட் புதுசாக வாங்கினால் ஆளுக்கொரு குடில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் அது தெரியாமலா இருக்கும்? ஐந்து வருஷமாக இரண்டு பேருமே வாங்கவில்லை. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

டிசம்பர் இருபத்து நாலிலிருந்து ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை பதினாலு நாள் குடில் நிற்கும். அந்தப் பதினாலு நாளும் அண்ணன் தம்பி பேசுவார்கள். சேர்ந்து பூசைக்குப் போவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். ராஜாக்கள் திருநாள் சாயங்காலம் குடிலைப் பிரித்து அவரவர் பாகத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டியதும் பேச்சும் பூட்டிக்கொள்ளும். அடுத்த நாள் கோரிப்பாளையத்தில் எதிரெதிரே சைக்கிளில் வந்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

இதில் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நான் வாக்கப்பட்டு வந்தபோது இந்த ஊரில் எனக்கு ஒருத்தரையும் தெரியாது. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கச் சொல்லிக்கொடுத்தது ஆரோக்கியம் அக்கா. என் இரண்டு பிரசவத்துக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள். ஓரகத்தியோடு சண்டை போடாத மருமகள் உண்டா என்று கேட்பார்கள். நாங்கள் போட்டதில்லை. சண்டை போட வேண்டியவர்கள் ஒழுங்காக இருக்க, ஒழுங்காக இருக்க வேண்டியவர்கள் சண்டை போட்டார்கள். ஒருமுறை பொறுக்க முடியாமல் தனியாக ஆரப்பாளையம் போனேன். மூத்தவர் வாசலிலேயே நின்று, "குடிலுக்கு வா தாயி" என்று தன்மையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையைச் சொன்னவரின் மனைவி எந்த முகத்தோடு அங்கே போவது?

எழுபத்தொன்பது டிசம்பரில் குடில் எங்கள் வீட்டு முறை. அந்தக் கிறிஸ்துமஸ் பூசையில் புதிதாக வந்திருந்த சாமியார் நன்றாகப் பிரசங்கம் வைத்தார். கிறிஸ்துமஸ் ஒரு நாளோடு முடிவதல்ல, வருஷம் முழுக்க உங்கள் நெஞ்சில் குடில் இருக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த மூத்தவரும் ஆட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. சாமியாருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெட்டியில் பூட்டி வைக்கிற குடிலை நெஞ்சில் எப்படி வைப்பது என்று சொல்லவில்லையே.

ராஜாக்கள் திருநாள் சாயங்காலம் அடுப்படியில் காப்பி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"ஜோசபின், எனக்கு மூணு மாசம்."

டம்ளர் என் கையிலிருந்து நழுவியது. கலியாணமாகிப் பதினாலாவது வருஷம்.

"பதினாலு நாளா ஏங்க்கா சொல்லல?"

"பயமா இருந்துச்சு. சொன்னா அதுவும் நிலைக்காமப் போயிருமோன்னு. ஆடி மாசத்துக்குள்ள பிறந்துரும்னு டாக்டரம்மா சொல்லுது. நீ கூட இருக்கணும் ஜோசபின். எனக்கு அம்மா இருக்கா, அக்கா இருக்கா? நீதான."

நேராகக் கூடத்துக்குப் போய் என் வீட்டுக்காரரை ஒரு ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு நொடி சந்தோஷம்தான் அது. பிறகு அதை அடக்கிக்கொண்டுவிட்டார்.

"அவன் வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும். நான் உன்னைய அனுப்ப மாட்டேன்னா சொன்னேன்?"

"அவரு எப்படிக் கூப்பிடுவாரு? பிள்ளைன்னு வாயெடுத்தா நீங்க சொன்னதுதான ஞாபகம் வரும்?"

 வந்த கோபத்தில் நான் குடிலின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சுரூபங்களைத் துடைத்துப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது எப்போதும் என் வேலை. மூத்தவருக்குக் கறுப்புப் பெட்டி, எங்களுக்குப் பச்சை. கண்ணில் நீர் நிறைந்து எதுவும் தெரியவில்லை. எதை எதில் வைத்தேன் என்று நான் பார்க்கவுமில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு பெட்டியைச் சரிபார்த்தார். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். திடீரென்று, "பாலன் இயேசுவைக் காணோம்!" என்று கத்தினார். கூடத்தைப் புரட்டிப் போட்டோம். வைக்கோலை உதறினோம். அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மூத்தவர், கையில் மஞ்சப்பை.

"உன் பாகத்துப் பொருள்டா. என் பெட்டியில இருந்துச்சு. ஒரு நாள் ராத்திரி தங்கிருச்சு, தெரியாம நடந்தது" என்று கேட்டுக்கு வெளியிலிருந்தே நீட்டினார்.

என் வீட்டுக்காரர் குழந்தையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அண்ணனிடமும் கையெழுத்து வாங்கினார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இல்லை. எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அக்கா எப்படி இருக்கு அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாந்தி நிக்கல தாயி. கஞ்சித் தண்ணி கூட இறங்கல."

குடில் பிரித்த மறுநாள் அக்காவைப் பற்றி எனக்குச் செய்தி கிடைத்தது. ஐந்து வருஷத்தில் இது முதல் தடவை. தவறிப்போய் நான் வைத்த ஒரு சுரூபம் அதைக் கொண்டுவந்திருக்கிறது. மூத்தவர் தண்ணீர் கேட்டார். சொம்பைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே ஓடினேன். பெட்டி திறந்தே கிடந்தது. ஒரு ஆட்டை எடுத்தேன். அடுப்படியில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டேன். அவர் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற நேரத்தில் ஹேண்டில்பாரில் தொங்கிய மஞ்சப்பைக்குள் இரண்டையும் போட்டுவிட்டேன். கையில் கொடுத்தால் ஊறுகாயை வாங்க மாட்டார். ஆட்டைத் திருப்பிக் கொடுக்காமலும் இருக்க மாட்டார்.

நினைத்தது நடந்தது. மறுநாளே ஆடு வந்தது. காலி பாட்டிலுக்குள் அக்காவின் கையெழுத்தில் ஒரு சீட்டு. "ஊறுகாயோடு ரெண்டு வாய் இறங்கியது. நீ ஆட்டை நன்றாக மேய்க்கிறாய்." மஞ்சப்பையின் அடியில் துணியில் சுற்றி மாடு. அது அவர்கள் பாகம். அக்கா லேசுப்பட்டவள் இல்லை.

மாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது இப்போது என் வீட்டுக்காரரின் முறை. "பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாத குடும்பம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். போவதற்கு முன்னால் நோட்டையும் எடுத்துக்கொண்டார்.

இப்படியே தை போயிற்று, மாசி போயிற்று. வாரத்துக்கு ஒரு சுரூபமாவது வைகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. அண்ணன் பெஞ்சாதிக்கு மறதி, தன் பெஞ்சாதிக்கு அதைவிட மறதி என்று என் வீட்டுக்காரர் முடிவுக்கு வந்திருந்தார். பெண்களுக்கு மறதி என்றால் ஆண்கள் சட்டென்று நம்பிவிடுகிறார்கள். முதலில் கேட்டுக்கு வெளியே நடந்த ஒப்படைப்பு பிறகு வாசல்படிக்கு வந்தது. ஒருநாள் வெயிலைச் சாக்கு வைத்து மூத்தவரை உள்ளே கூப்பிட்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். அரை டம்ளர் குடித்தார்.

மாசியில் ஒரு நாள் ராஜாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும்போது என் பக்கம் திரும்பி, "நாலு தாண்டிருச்சு தாயி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தனை நேரம் துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

பக்கத்து வீட்டு விஜயம் மாமி பள்ளிக்கூட டீச்சர். எதையும் விடமாட்டாள். "ஏண்டி ஜோசபின், ஒங்க மச்சினர் வாரா வாரம் ஒரு பொம்மையோட வரார். ஒங்காத்துல வருஷம் பூரா கிறிஸ்மஸா?" என்று கேட்டாள்.

"ஆமா மாமி. இந்த வருஷம் அப்படித்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது. சாமியாரிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஆட்டைத் திருட்டுத்தனமாகப் பையில் போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவை அன்று மூத்தவர் கழுதையோடு வந்தார். எங்களுடையதுதான், முந்தின வாரம் நான் அனுப்பியது. அன்றைக்குத் தல்லாகுளத்தில் யாராவது சைக்கிளில் வருவார்களா? வந்துவிட்டார். வந்தவர் திரும்பிப் போக முடியவில்லை. தெருவெல்லாம் தலை. மாமி வீட்டு வாசலில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் வரை கூடத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இலையைப் போட்டேன். உட்கார மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. எங்கே போவார்?

ரசம் விடும்போது மூத்தவர், "அப்பா வைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்பா இதுல மல்லிவிதையைக் கொஞ்சம் தூக்கலாப் போடுவாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"வெள்ளைக்காரச் சாமிக்கு ரசத்தக் குடுத்துட்டு, இது சூப்பு, இப்படியே குடிக்கணும்னு சொன்னாரே, ஞாபகம் இருக்காடா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். குடில் இல்லாத நாளில் அவர்கள் சேர்ந்து சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். சாயங்காலம் கூட்டம் கொஞ்சம் விலகியதும் மூத்தவர் போனார். கூடத்தைப் பெருக்கும்போது ஜன்னல் கட்டையில் ஒட்டகம் நின்றது. அக்காவின் வேலை என்று சிரித்துக்கொண்டேன். ஒட்டகத்தோடு என் வீட்டுக்காரர் போனபோது, "உங்கள் ஒட்டகம் வெயிலில் களைத்துவிட்டது" என்று சீட்டு எழுதிப் பையில் போட்டேன். அதற்கு வந்த பதிலை நான் மூன்று தடவை படித்தேன். "நான் கழுதையை மட்டும்தானே கொடுத்தனுப்பினேன். ஒட்டகம் நான் வைக்கவில்லை."

அக்கா வைக்கவில்லை. நான் வைக்கவில்லை. மூத்தவர் தானாகவே ஒட்டகத்தைச் சட்டைக்குள்ளோ மடியிலோ வைத்துக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். மில்லில் இருபது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டின மனுஷன். எனக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழுதேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஜாக்கிரதை போய்விட்டது. ஜூன் மாசம் ஒருநாள், என் வீட்டுக்காரர் ஆரப்பாளையத்துக்குக் கொண்டுபோகிற பையில் அவருக்கே தெரியாமல் ஆட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் பின்னால் நிற்கிறார்.

"எம்புட்டு நாளா நடக்குது இது?"

சொன்னேன். ஒளிக்கவில்லை. அவர் முகம் வெளிறிவிட்டது.

"அப்ப ஆறு மாசமா என்னையக் கிறுக்கன் மாதிரி ஆத்தைத் தாண்டி அலைய விட்டிருக்க. அவனும் சேந்து சிரிச்சிருப்பான்."

"யாரும் சிரிக்கல. உங்க அண்ணன் ஒட்டகத்த..."

"பேசாத."

அன்றே ஆரப்பாளையம் போய் அவர்கள் பாகம் ஆறும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். எங்கள் ஏழையும் பச்சைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அலுவலக மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். போக்குவரத்து நின்றது.  அக்காவுக்கு ஒன்பது மாசம். கால் வீங்கியிருக்கிறது என்று கடைசிச் சீட்டில் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு செய்தியே இல்லை.

மூன்று வாரம் பொறுத்தேன். நாலாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா பிரசவத்துக்கு நான் போகப் போறேன். நீங்க அனுப்பினாலும் சரி, அனுப்பாட்டியும் சரி. கதவைச் சாத்தினா அவுக வாசல்லயே உக்காந்திருப்பேன்."

அவர் கோபப்படவில்லை.  சின்னக் குரலில் சொன்னார். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அன்னைக்கு அந்த வார்த்தை எப்படி வாயில வந்துச்சுன்னு எனக்கே தெரியல ஜோசபின். ஆடு மாடுன்னா கொண்டுபோய்க் குடுத்துக் கையெழுத்து வாங்கிறலாம். சொன்ன வார்த்தைய என்னன்னு கொண்டுபோய்க் குடுக்க?"

ஐந்தரை வருஷத்தில் அவர் இதைச் சொன்னது அன்றுதான். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது சைக்கிள் மணி. என் வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். மூத்தவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஆறு மாசப் பழக்கம், என் வீட்டுக்காரரின் கண் நேராக அண்ணனின் கைக்குப் போனது. ஹேண்டில்பாரைப் பார்த்தார். மஞ்சப்பை இல்லை.

"என்ன கொண்டாந்தண்ணே?"

"ஒண்ணும் கொண்டாரலடா. சும்மாதான் வந்தேன்." குரல் உடைந்தது. "அவளுக்கு வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. ஜோசபினக் கேக்கிறா. எனக்கும் பயமா இருக்கு. நீயும் வாடா."

அடுப்பை யார் அணைத்தது, பிள்ளைகளை மாமியிடம் யார் விட்டது என்று எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தது. "வந்துட்டியா" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் அவள் பேசுகிற நிலையில் இல்லை. பதினோரு மணிக்குக் குழந்தை பிறந்தது. பெண். நல்ல சத்தம்.

துணியில் சுற்றி நான்தான் வெளியே கொண்டுவந்தேன். மூத்தவர் வாங்கிக்கொண்டார். மூக்கும் வாயும் யார் சாயல் என்றெல்லாம் பார்க்கவில்லை, முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். என் வீட்டுக்காரர் கிட்டே வரவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஏன் வரவில்லை என்று எனக்கும் தெரியும், மூத்தவருக்கும் தெரியும். மூத்தவர் குழந்தையோடு நடந்து போய்த் தம்பியின் கையில் வைத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே," என் வீட்டுக்காரருக்கு உதடு துடித்தது, "அன்னைக்குக் கல்லறை வாசல்ல நான் சொன்ன..."

"லிஸ்ட்டு வச்சிருக்கியாடா?"

அவர் சட்டைப்பையில் அது எப்போதும் இருக்கும். தலையை ஆட்டினார்.

"அதுல பாரு. இவ யாரு பாகம்?"

என் வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்தார். கண்ணீர் துணியில் சொட்டியது.

"லிஸ்ட்டுல இல்லண்ணே."

"அப்பப் பொதுவுல எழுது."

அவர் எழுதத்தான் செய்தார். எழுதாமல் இருப்பாரா? குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி ஜன்னல் கட்டையில் அந்தக் காகிதத்தை விரித்து வைத்து, பதின்மூன்றுக்குக் கீழே பதினாலு என்று போட்டு, பெண் குழந்தை ஒன்று, பொது என்று எழுதினார். பிறகு அடியில் இருந்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரே கோடாக அடித்தார். மூத்தவர் ஒரு கையில் மகளை அணைத்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார்.